கரையும் மெருகு

1983-இல், அக்காவின் கல்யாணத்துக்கு முன்பு, கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்குப் பாலிஷ்காரர் ஆறு நாள் வந்தார். திண்ணையில் சாக்கை விரித்து, மர பீரோவையும் நான்கு நாற்காலிகளையும் அப்பாவின் சாய்வு நாற்காலியையும் வரிசையாக வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்றுகூடப் புதிதாக வாங்கியதில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்களிடம் அப்பா விலைபேசி எடுத்தவை. இன்று என் மகள் பழைய மரச்சாமான் கடையில் வாங்கிய ஒற்றை நாற்காலியைச் சென்னை அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். ஒரு சனி, ஒரு ஞாயிறு போதும் என்கிறாள்.

அன்று, முதல் இரண்டு நாளும் உப்புத்தாள்தான். பிறகு சாக் பவுடரில் செங்காவியைக் குழைத்து, மரத்தின் நுண்துளைகள் அடையும்படி அழுத்தித் தேய்த்தார். அரக்குச் செதில்கள் ஸ்பிரிட்டில் இரவெல்லாம் ஊறின. ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் புரசு மரக் கிளைகளை அப்பி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அதில் நனைத்து, எட்டு எட்டாகக் கையை ஓட்டினார். கை ஓரிடத்தில் நின்றுவிட்டால் அடியில் காய்ந்த பூச்சு இளகித் துணியோடு வந்துவிடும். அதனால் பேச்சுக் கொடுத்தால்கூடக் கையை நிறுத்தாமலே பதில் சொல்வார். பத்துப் பன்னிரண்டு பூச்சுக்குப் பிறகு தேக்கின் ரேகைகள் தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல் தெரிந்தன.

இன்று உப்புத்தாளுக்கு எண் பார்த்து வாங்குகிறார்கள். முதலில் 120, பிறகு 220. தண்ணீரில் கரையும் பெயிண்ட்டில் இரண்டு பூச்சு, நடுவே சில மணி நேர இடைவெளி. தூரிகையைக் குழாயடியில் கழுவிவிடலாம். வீடெல்லாம் ஸ்பிரிட் நெடி இல்லை. இங்கிலாந்தின் ஆனி ஸ்லோன் 1990-இல் உருவாக்கிய சாக் பெயிண்ட் வகைக்குப் பெரும்பாலும் தேய்ப்பே வேண்டாம். அதைப் பார்த்து வீட்டிலேயே கலப்பவர்கள் சாதாரண பெயிண்ட்டில் சாக் பவுடரைச் சேர்க்கிறார்கள். அன்று அதே பொடி மரத்துக்குள் போய் ரேகையை எடுத்துக்காட்டியது. இன்று மரத்தின் மேல் நின்று ரேகையை மூடுகிறது.

மகளின் நாற்காலியில் மேலே பச்சை, அதற்கடியில் வெளிர்நீலம், அதற்கும் அடியில் செம்பழுப்பு மெருகு. பச்சையை அவள் நனைத்துத்தான் தேய்த்தாள், முகக்கவசத்தோடு. பழைய எண்ணெய்ப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், தூளாகப் பறந்தால் மூச்சில் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுப் பெயிண்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல்தான் அறிவிக்கப்பட்டது. நாங்களோ பெயிண்ட் அடித்த ஜன்னல் கம்பியைக் கடித்து வளர்ந்த பிள்ளைகள்.

அன்றைய மெருகு உறுதியானதில்லை. சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும்; அதற்காக நாங்கள் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. ஆனால், ஸ்பிரிட்டில் கரைந்து வந்தது ஸ்பிரிட்டுக்கே மறுபடி இளகும். பழுதான இடத்தில் மட்டும் துணியை ஓட்டினால் புதுப்பூச்சு பழையதோடு கலந்துவிடும். மூட்டுகளை ஒட்டிய வஜ்ஜிரமும் அப்படித்தான். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த அந்தப் பசை வெந்நீர் பட்டால் விட்டுக்கொடுக்கும். ஆசாரி காலைக் கழற்றிச் செப்பனிட்டு மறுபடி மாட்டுவார். இன்றைய பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு சூட்டையும் தண்ணீரையும் தாங்கும். கீறல் ஆழமாக விழுந்தால் பலகை முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டும். 1959-இல் வந்த ஃபெவிகால் வேலையை எளிதாக்கியது. ஆனால் காய்ந்த பசைமேல் புதுப்பசை பிடிக்காது, சுரண்டச் சுரண்ட மூட்டு தளரும். அடுத்து வருபவன் கைவைக்க அன்றைய பொருள்கள் இடம் விட்டிருந்தன.

கைவைக்கும் உரிமைதான் எங்களுக்கு இல்லை. பிள்ளைகள் திண்ணைப் பக்கம் போகக் கூடாது. அம்மாவுக்கு அங்கே காபி கொடுப்பதோடு சரி. ஆறு நாள் நடந்த வேலையில் ஒரு நுணுக்கம்கூட வீட்டுக்குள் வரவில்லை. பாலிஷ்காரர் போனபோது வித்தையும் அவரோடு போயிற்று. இன்று என் மகள் எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள், எந்தப் பக்கம் ரேகை ஓடுகிறது என்பதைத் தன் விரலால் அறிந்திருக்கிறாள். இது சிறிய லாபமில்லை.

நாற்காலியின் கால்களுக்கு அவள் நீலம் அடித்தாள். அமரும் பலகையில் ரேகை தெரிந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். அரக்குச் செதில் வாங்கி ஊறவைத்தோம். எனக்கு நினைவிருந்தது அந்த எட்டு மட்டும்தான், அதைக் காட்டிக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் அதன்மேல் யாரோ காபி டம்ளரை வைத்துவிட்டார்கள். வெள்ளை வளையம் விழுந்தது. மகள் யாரையும் திட்டவில்லை. துணியில் துளி ஸ்பிரிட் தொட்டு, கையை நிறுத்தாமல் நாலு தடவை ஓட்டினாள்.