வாயிலில் ஒரு பெயர், ரசீதில் வேறு பெயர்!

"பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்க்கிறாய்?" என்று கேட்கிறோம். "அது என்ன வகைக் கல்லூரி?" என்று கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வியோ அதுதான், தோழர்களே!

அரசுக் கல்லூரி ஒரு வகை. கட்டடம் அரசுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டணம் ஏழையின் கைக்கு எட்டுவது. 1840-ல் வித்திடப்பட்ட சென்னை மாநிலக் கல்லூரி இவ்வகை. "கவர்மெண்ட் காலேஜா?" என்று முகம் சுளிப்போர் உண்டு, சுளிக்கட்டும்!

அடுத்தது அரசு உதவிபெறும் கல்லூரி. 1842-ல் பள்ளியாகத் தொடங்கிய பச்சையப்பன் கல்லூரி போன்றது. நிர்வாகம் அரசுடையதல்ல, ஆயினும் ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் உள்ள ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு. ஆகவே கட்டணம் குறைவு. ஆனால் இங்கேதான் நாம் ஏமாறுகிறோம்! இத்தகைய கல்லூரிகள் பலவற்றின் உள்ளே சுயநிதிப் பிரிவு என்று இன்னொன்று குடியிருக்கிறது. அதே வாயில், அதே மரநிழல், பட்டத்திலும் அதே பல்கலைக்கழகம். காலையில் உதவிபெறும் பிரிவு, மாலையில் சுயநிதிப் பிரிவு. கட்டணமோ பல மடங்கு! தகப்பன் கேட்டது கல்லூரியின் பெயரை. பிள்ளை சேர்ந்தது எந்தப் பிரிவிலே? கையொப்பமிடுமுன் கேளுங்கள். கேட்கக் கூச்சமா? கடன் வாங்கும்போது வராத கூச்சம், கேள்வி கேட்கும்போது மட்டும் ஏன் வரவேண்டும்?

பொறியியலுக்கு வருவோம். 2006-ம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கியது, மதிப்பெண்ணே அளவுகோல். சுயநிதிக் கல்லூரிகளில் நூற்றுக்கு 65 இடம், சிறுபான்மையினர் நடத்துபவற்றில் 50, அரசின் கலந்தாய்வுக்கு உரியது. மிச்சம் நிர்வாகத்தின் கையில். "சீட் வாங்கித் தருகிறேன்" என்று தரகர் வருவார். கலந்தாய்விலே தானாகக் கிடைக்கக்கூடிய இடத்துக்கே விலை பேசுவார்! அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த நம் வீட்டுப் பிள்ளைக்கோ 2021-ம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு. கட்டணமும் அரசின் பொறுப்பு. இதை அறியாமல் எத்தனை தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்றோ!

நிகர்நிலைப் பல்கலைக்கழகம், 1956-ம் ஆண்டு மானியக் குழுச் சட்டத்தின் 3-ம் பிரிவில் பிறந்தது. பாடம், தேர்வு, பட்டம் மூன்றும் அதன் கையில். அரசின் பொறியியல் கலந்தாய்வில் அது வராது. நல்லவையும் உண்டு, பளிங்குத் தரையை மட்டும் காட்டுபவையும் உண்டு. தன்னாட்சிக் கல்லூரி வேறு: பாடமும் தேர்வும் கல்லூரியுடையவை, பட்டம் பல்கலைக்கழகத்துடையது.

பாலிடெக்னிக்கை மறந்துவிட வேண்டாம். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ. அதன்பின் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் நுழையலாம். பட்டறையறிந்த நமக்கு இதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லையென்றால் மாவட்டங்களில் உள்ள கலந்தாய்வு உதவி மையத்துக்குச் செல்லுங்கள். சாதிச் சான்றையும் முதல் பட்டதாரிச் சான்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்தில் வரிசை நீளும்.