கால்குலேட்டரில் ஒரு விளையாட்டு... அதன் பின்னால் ஒரு தென்னாற்காட்டுக்காரர்!

செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து, 2-ன் வர்க்கமூலத்தோடு 1-ஐக் கூட்டுங்கள். 2.41421356 என்று வரும். அதை அதே எண்ணால் பெருக்கினால் 5.83. இன்னொரு முறை பெருக்கினால் 14.07. அடுத்தடுத்து 33.97, 82.01, 197.995 என்று போகும். பத்தாவது அடுக்கில் 6725.999...!

தசமப் புள்ளிக்குப் பின்னால் முடிவே இல்லாமல் நீளும் ஓர் எண், பெருக்கப் பெருக்க முழு எண்ணை நெருங்குகிறதே, எப்படி? இந்த வகை எண்களுக்கு உலகக் கணிதம் வைத்திருக்கும் பெயர், 'பிசோ - விஜயராகவன் எண்கள்'. பிசோ, பிரான்ஸ் நாட்டுக்காரர். விஜயராகவன் நம்மூர்க்காரர்.

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம், அதை அடுத்த கம்மாபுரம் எல்லாம் இருக்கும் கடலூர் மாவட்டம் அன்றைக்குத் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆடூர் அகரம் கிராமத்தில், 1902 நவம்பர் 30-ல் பிறந்தவர் திருக்கண்ணபுரம் விஜயராகவன். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் புலமை பெற்றவர். ராமானுஜனை உலகுக்கு அடையாளம் காட்டிய பேராசிரியர் ஹார்டியிடம், 1920-களின் நடுவில் ஆக்ஸ்போர்டு சென்று ஆய்வு செய்தார்.

ரகசியம் என்ன?

பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு நினைவிருக்கிறதா? x² = 2x + 1 என்பதற்கு இரண்டு விடைகள். ஒன்று 2.414. இன்னொன்று -0.414. இருவரும் உடன்பிறப்புகள். இரண்டையும் ஒரே அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால், எப்போதும் முழு எண்தான் கிடைக்கும். சின்னவர் 1-ஐவிடச் சிறியவர் என்பதால் பெருக்கப் பெருக்கத் தேய்ந்து, கிட்டத்தட்ட காணாமலே போய்விடுவார். அதனால் பெரியவர் மட்டும் முழு எண்ணை ஒட்டி நிற்கிறார்.

சாதாரண முழு எண்கள், பின்னங்களோடு √2-ஐயும் சேர்த்துக்கொண்டு, கூட்டினாலும் பெருக்கினாலும் வகுத்தாலும் வெளியே போகாத ஒரு தனி உலகத்தை உருவாக்கலாம். அதற்கு 'எண் களம்' என்று பெயர். இந்த உடன்பிறப்பு உறவுகளை அலசும் துறைதான் இயற்கணித எண் கோட்பாடு.

அடங்காத ஒன்றரை

எல்லா எண்களும் இப்படிச் சமர்த்தாக இருப்பதில்லை. ஒன்றரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1.5, 2.25, 3.375, 5.06, 7.59, 11.39... தசமப் பகுதி கண்டபடி தாவுகிறது. அது ஒன்றிரண்டு இடங்களில் போய் அடங்கிவிடாது, அது சென்று குவியும் இடங்கள் எண்ணற்றவை என்று 1940-ல் நிரூபித்தவர் விஜயராகவன். ஆனால், 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் இடம்கூட விடாமல் அது பரவுமா? இன்றுவரை விடை இல்லை.

நண்பனுக்காக...

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் விஜயராகவனோடு பணியாற்றியவர் ஆந்த்ரே வெய். 1930-ல் பிரான்ஸிலிருந்து வந்தபோது அவருக்கு வயது 23. பின்னாளில் 20-ம் நூற்றாண்டின் மாபெரும் கணித மேதைகளில் ஒருவரானார். அவரைப் பல்கலைக்கழகம் வேலையிலிருந்து நீக்கியபோது, அதை எதிர்த்து அலிகாரையே விட்டு வெளியேறி டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார் விஜயராகவன்.

பிறகு, வள்ளல் அழகப்பச் செட்டியார் சென்னையில் தொடங்கிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் இயக்குநரானார். 1955 ஏப்ரல் 20-ல் மறைந்தபோது அவருக்கு வயது 52.

உங்கள் முறை!

விஜயராகவன் எண் ஒன்றை வீட்டுப் பிள்ளைகளே உருவாக்கலாம். x² = 3x + 1 என்று எழுதி, பெரிய விடையைக் கண்டுபிடியுங்கள். 3.3028 வரும். அதன் அடுக்குகள் 10.91, 36.03, 118.99 என்று முழு எண்ணை நெருங்கும். 3-க்குப் பதில் 4, 5 என எந்த முழு எண்ணைப் போட்டாலும் இதே கதைதான். இந்தக் குடும்பத்திலேயே மிகச் சிறிய எண் சுமார் 1.3247. இதை 1944-ல் நிரூபித்தவர் ஜெர்மானியரான சீகல்.

சரி, முழு எண்களை வைத்து எழுதும் எந்தச் சமன்பாட்டிலும் சிக்காத 'பை' போன்ற எண்கள் இருக்கின்றனவே... அவற்றில் ஏதாவது ஒன்று, இப்படி முழு எண்களை நெருங்கிக்கொண்டே போகுமா? ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் இந்தக் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை.