பூங்காவில் இடம் பெறாத சித்திரக் கதைகள்

பறக்கும் யானையையும் பேசும் மீனையும் திரையில் கண்டு மகிழாத குழந்தை உண்டோ? இத்தகைய சித்திரப் படங்களைக் கார்ட்டூன் படங்கள் என்கிறோம். அக்கதைகளுக்குள் நாமே புகுந்து உலவுவது போன்ற இன்பத்தைத் தருபவை டிஸ்னிலாந்து முதலான கேளிக்கைப் பூங்காக்கள். ஆயினும், புகழ் பெற்ற படங்கள் சிலவற்றிற்கு அங்கே ஒரு சவாரிகூட இல்லை. இதற்குக் காரணம் யாது? மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, கதையின் அமைப்பு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் அனஹைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று வால்ட் டிஸ்னி தம் பூங்காவைத் திறந்தார். 1953-இல் வெளிவந்த 'பீட்டர் பான்' படத்திற்கு அந்த ஆண்டே அங்கு ஒரு சவாரி அமைந்தது. பீட்டர் பான் பறக்கும் சிறுவன் அல்லவா? மேலிருந்து தொங்கும் சிறு கப்பலில் ஏறி அமர்ந்தால், லண்டன் மாநகரின் விளக்குகள் காலடியில் மின்னுகின்றன. சில நிமிடங்களில் கதை முடிந்துவிடுகிறது. 'டம்போ' என்னும் பறக்கும் யானைக்கும் இவ்வாறே இடம் கிடைத்தது. ஆனால் 1942-இல் வந்த 'பாம்பி'யை எண்ணிப் பாருங்கள். ஒரு மான்குட்டி பிறக்கிறது. வேட்டைக்காரனின் குண்டுக்குத் தாயைப் பறிகொடுக்கிறது. பருவங்கள் மாறி மாறி வர, மெல்ல வளர்ந்து பெரிதாகிறது. அந்த மெதுவான வளர்ச்சியே அக்கதையின் அழகு. அதை எந்த வண்டியில் ஏற்றிச் சில நிமிடங்களில் காட்ட முடியும்?

இரண்டாவது காரணம், பணம். ஒரு சவாரியை அமைக்கப் பல கோடி செலவாகும். எனவே படத்தின் வசூலைப் பார்த்த பின்னரே முதலீடு செய்வார்கள். அனஹைம் பூங்காவில் 1959 முதல் ஓடிய நீர்மூழ்கிக் கப்பல்கள் 1998-இல் நிறுத்தப்பட்டன. 2001-இல் வெளிவந்த 'அட்லாண்டிஸ்' படத்தின் கதையை அவற்றிற்குப் பொருத்தலாம் என்ற எண்ணம் இருந்தது. படம் எதிர்பார்த்த வெற்றி பெறாததால் அது கைவிடப்பட்டது. 2003-இல் பெருவெற்றி பெற்ற நீமோ என்னும் சிறு மீனுக்கே 2007-இல் அக்கப்பல்கள் கிடைத்தன!

மூன்றாவது காரணமே நம்மைச் சிந்திக்க வைப்பது. அதுதான் துயரம். ஜப்பானின் கிப்லி நிறுவனம் 1988 ஏப்ரல் 16 அன்று இரு படங்களைச் சேர்த்துத் திரையிட்டது. ஒன்று, மியாசாகி இயக்கிய 'என் அண்டை வீட்டுத் தோதோரோ'. இரு சகோதரிகள் காட்டில் வாழும் ஓர் அன்பான விந்தை உயிரைச் சந்திக்கும் கதை அது. மற்றொன்று, தகாஹாதா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை'. 1945-இல் கோபே நகரின் மீது விழுந்த குண்டுகளால் தாயை இழந்த பதினான்கு வயதுச் செய்தாவும் அவன் நான்கு வயதுத் தங்கை செத்சுகோவும் பட்டினியால் வாடி மடியும் கதை.

2022 நவம்பர் 1 அன்று ஐச்சி மாநிலத்தில் கிப்லி பூங்கா திறக்கப்பட்டது. தோதோரோவுக்கு அங்கே ஒரு காடே இருக்கிறது. அச்சகோதரிகளின் வீடும் உண்டு. ஆனால் பூங்காவின் ஐந்து பகுதிகளில் ஒன்றுகூட 'மின்மினிகளின் கல்லறை'க்காக அமைக்கப்படவில்லை. அப்படத்தின் உரிமை வேறொரு பதிப்பகத்திடம் இருப்பது ஒருபுறம் இருக்கட்டும். பசியால் இறந்த ஒரு குழந்தையின் பழமிட்டாய் டப்பாவை வைத்து யார்தாம் கேளிக்கை நடத்துவார்கள்? நடத்தாமல் இருப்பதே அக்குழந்தைக்குச் செய்யும் மரியாதை.

ஆகவே தோழியரே, பூங்காவில் இடம் பெறாததால் ஒரு படம் தாழ்ந்தது ஆகிவிடாது. மகிழ்விப்பது பூங்காவின் வேலை. அதை அது நன்றாகவே செய்கிறது. மனத்தை இளகச் செய்வது வேறு வேலை. 'மின்மினிகளின் கல்லறை'யின் தொடக்கத்தில், ரயில் நிலையத் தூணில் சாய்ந்து செய்தா சாகக் கிடக்கிறான். மக்கள் அவனைக் கடந்து போகிறார்கள். ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன இருவர் நம் நினைவுக்கு வருகிறார்கள். நாம் அந்த இருவரைப் போல நடப்போமா, சமாரியனைப் போல நடப்போமா என்று அப்படம் நம்மைக் கேட்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கும் சவாரி எந்தப் பூங்காவிலும் இல்லை.