பீரோ சாவி யாரிடம்?

தஞ்சை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. நூலகம் எங்கே என்று கேட்டேன். தலைமை ஆசிரியர் அறையின் மூலையில் நின்ற பச்சை இரும்பு பீரோவைக் காட்டினார்கள். பொறுப்பாசிரியர் சாவிக்கொத்தோடு வந்து திறந்தார். முதலில் அந்துருண்டை வாசனை வந்தது, அப்புறம்தான் புத்தகங்கள் கண்ணில் பட்டன. அட்டை மடங்காத, ஒரு பக்கத்தின் ஓரம்கூட அழுக்காகாத புத்தகங்கள்.

“பிள்ளைங்களுக்குக் கொடுக்கணும்னு எனக்கு ஆசை இல்லையா சார்? ஸ்டாக் செக்கிங்ல ஒண்ணு குறைஞ்சாலும் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்ட நான்தானே” என்றார். அவர் கணக்கு டீச்சர். வாரத்துக்கு 28 பீரியட் எடுத்தது போக மிச்ச நேரத்தில்தான் இந்த பீரோ.

ஒவ்வோர் அக்டோபரிலும் உலகின் பல நாடுகள் பள்ளி நூலக மாதம் கொண்டாடுகின்றன. நமக்கும் கொண்டாடக் காரணங்கள் இருக்கின்றன. 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் குட்டிப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் பிள்ளைகளுக்கென்றே வருகின்றன. இவ்வளவும் வந்து இறங்கிய பிறகு பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பூட்டுதான் மனசை அறுத்தது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தான். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் வெளிவந்த அவருடைய ஐந்து நூலக விதிகளில் முதலாவதே, நூல்கள் இருப்பது பயன்படுத்துவதற்காக என்பதுதான். இதை ஒரு விதியாகவே எழுதவேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டு தேவாலயத்தில் அப்படிப்பட்ட நூலகத்தை இன்றும் பார்க்கலாம். ஆனால் அந்தச் சங்கிலி நீளமானது. வாசகர் புத்தகத்தை எடுத்து விரித்துப் படிக்க முடிந்தது. நம் பீரோ அந்த வசதியைக்கூடத் தரவில்லை. அதே 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வண்டியைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். அந்த மண்ணிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இந்தப் பச்சை பீரோ நிற்கிறது.

அரசுப் பணத்தில் வாங்கியதற்குக் கணக்கு வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டும்தான். எந்தக் கணக்கு என்பதுதான் என் கேள்வி.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ஐ எடுத்துப் பாருங்கள். விதி 215 நூலகங்களைப் பற்றிப் பேசுகிறது. ஓராண்டில் 1,000 நூல்கள் வழங்கப்பட்டால் அல்லது எடுத்துப் பார்க்கப்பட்டால் 5 நூல்கள் தொலைவது இயல்பு என்று அது ஒப்புக்கொள்கிறது. நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இந்தக் கணக்கை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். அலமாரியில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதை வைத்து அந்த எண் போடப்படவில்லை. எத்தனை கைக்குப் போனது என்பதை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. அதிகம் கொடுத்தவருக்கு அதிகச் சலுகை. பூட்டி வைத்தவருக்கு ஒன்றும் இல்லை. இது மத்திய நிறுவனங்களுக்கான விதி, கிராமத்து டீச்சருக்கு நேரடியாகக் கைகொடுக்காது. ஆனால் இப்படியொரு எண் எழுத்தில், தமிழில், அவர் மேசைக்கு வந்து சேரட்டும். அந்த பீரோ தானாகத் திறக்கும். பொறுப்பாசிரியர்களுக்குத் தரக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

மற்ற உதவிகள் ஓரளவு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். தொலைந்தால் மறுபடி அச்சடிக்கலாம், பயமே வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டமும் பழைய நூல்களுக்கு. புத்தகம் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்ட பள்ளி கோஹா என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம். சின்ன நூலகத்துக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றே தாராளம்.

அப்படி ஒரு நோட்டை இன்னொரு பள்ளியில் பார்த்தேன். வராந்தாவில் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் யார் எதை எடுத்தார்கள் என்று எழுதிவைக்கிறார்கள். ஆண்டு முடிவில் மூன்று புத்தகங்கள் குறைந்தன. தலைமை ஆசிரியரே காரணம் எழுதிக் கையெழுத்திட்டார், யாரிடமும் பணம் பிடிக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவற்றில் ஒன்றை ஒரு பையன் கொண்டுவந்து நீட்டினான். பழுப்புத்தாளில் அட்டை போட்டிருந்தான். கிழிந்த பக்கத்தைச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டியிருந்தான். “ஆயாவுக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தேன் டீச்சர், முடியல” என்றானாம். நோட்டில் ‘காணவில்லை’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அதே வரிக்குக் கீழே அவன் பெயரில் அடுத்த புத்தகத்தை எழுதியிருக்கிறார் டீச்சர்.