நெருப்பும் பனியும் சேர்ந்த தீவு

உலகப்படத்தின் வடகோடியில், அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கிறது ஐஸ்லாந்து என்னும் தீவு. அது தீபகற்ப மலேசியாவைவிடச் சற்றுச் சிறியது. மக்கள்தொகை ஏறத்தாழ நான்கு இலட்சம்தான். பெயரைக் கேட்டதும் பனிக்கட்டி நினைவுக்கு வரும். ஆனால், அந்தப் பனிக்கு அடியில் நெருப்பு இருக்கிறது. அங்கே காணத்தக்க காட்சிகள் பலவும் இந்த இரண்டும் சேர்ந்து உண்டாக்கியவை.

இதற்குக் காரணம் என்ன? பூமியின் மேலோடு ஒரே துண்டு அன்று; பல பெரும் பாளங்களாகப் பிரிந்திருக்கிறது. அவற்றுள் இரண்டு பாளங்கள் ஐஸ்லாந்தின் ஊடே, ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகிச் செல்கின்றன. அந்த இடைவெளியில் உருகிய பாறைக்குழம்பு மேலே வருகிறது. திங்வெட்லிர் என்னும் இடத்தில் நிலம் பிளந்து கிடப்பதைக் கண்ணால் காணலாம். பாறைச் சுவர்களுக்கு நடுவே நடந்தும் போகலாம். கி.பி. 930-ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்கள் தங்கள் பொதுமன்றத்தைத் தொடங்கியதும் இங்கேதான்.

அங்கிருந்து கிழக்கே சென்றால் ஸ்ட்ரோக்கூர் என்னும் வெந்நீர் ஊற்றைக் காணலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது 15 முதல் 20 மீட்டர் உயரத்துக்குப் பீறிட்டு எழுகிறது. ஆழத்தில் உள்ள நீரை மேலுள்ள நீர் அழுத்துவதால், 100 பாகை வெப்பத்தைத் தாண்டியும் அது கொதிப்பதில்லை. வெப்பம் இன்னும் ஏறியதும் திடீரென ஆவியாகி, மேலுள்ள நீரை வானில் தூக்கி எறிகிறது. அருகிலேயே குல்ஃபோஸ் நீர்வீழ்ச்சி உள்ளது. பனிமலை உருகி வரும் ஆறு, இரண்டு படிகளாக 32 மீட்டர் கீழே விழும் காட்சி அது.

இந்த நெருப்பு எப்போதும் வேடிக்கை காட்டிக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. தெற்கே ஹெய்மேய் என்ற சிறு தீவு இருக்கிறது. 1973-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி, பின்னிரவு இரண்டு மணியளவில், ஊரின் ஓரத்திலேயே தரை பிளந்து நெருப்பு கக்கியது. முந்தின நாள் வீசிய புயலால் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகாமல் துறையிலேயே நின்றன. அவற்றில் ஏறித்தான் ஏறக்குறைய 5,300 பேர் கொண்ட அவ்வூர் மக்களில் பெரும்பாலோர் அன்றிரவே தப்பினர். பல நூறு வீடுகள் எரிந்தும் புதைந்தும் போயின.

பாறைக்குழம்பு துறைமுகத்தின் வாயை நோக்கி நகர்ந்தது. துறைமுகம் அடைபட்டால் மீன்பிடித் தொழில் போய்விடும்; தொழில் போனால் ஊரே இல்லை. ஆகவே அங்கே தங்கியவர்கள் கடல்நீரை இறைத்துக் குழம்பின்மீது பாய்ச்சினார்கள். மாதக்கணக்கில் இந்த வேலை நடந்தது. குளிர்ந்த குழம்பு கல்லாக இறுகி, பின்னால் வந்ததற்கு அணையாயிற்று. ஜூலையில் நெருப்பு அடங்கியபோது துறைமுகம் தப்பியிருந்தது. மக்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து சாம்பலை அள்ளினர். சூடு ஆறாத அப்பாறையைக் கொண்டே பல ஆண்டுகள் தங்கள் வீடுகளுக்கு வெப்பமூட்டினர். சாம்பலிலிருந்து தோண்டி எடுத்த ஒரு வீட்டை அங்குள்ள காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

இன்று ஐஸ்லாந்தின் வீடுகளில் பத்தில் ஒன்பதுக்குப் பூமியின் வெந்நீரே குளிர் போக்குகிறது. அழிக்க வந்த நெருப்பையே அடுப்பாக்கிக்கொண்டார்கள் அம்மக்கள். அவர்கள் நாட்டின் அருவியும் ஊற்றும் நம் கண்ணுக்கு விருந்து; அவர்களது உழைப்போ நம் நெஞ்சுக்குப் பாடம்.