டவர் ஃபுல்லு, பேச்சு மட்டும் கரகர!

"டவர் ஃபுல்லா இருக்கு, ஆனா குரல் வெட்டி வெட்டி வருதே" என்று எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். செல்போனில் தெரியும் அந்தக் கோடுகள், அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டும் காட்டும். தெளிவா வருதா என்று காட்டாது. சத்தமா பேசுறவங்க எல்லாரும் தெளிவாவா பேசுறாங்க?

தெளிவைக் கண்டுபிடிக்க அலையைப் பிரித்துப் படிக்க வேண்டும். என் சித்தப்பா செல்போன்களைச் சோதிக்கும் வேலை பார்க்கிறார். அவர் லேப்டாப்பில் அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

பட்டன் போனில் ஓடும் 2ஜியை எடுத்துக்கொள்வோம். நம் குரல் 0, 1 என்ற எண்களாக மாறி, வினாடிக்கு சுமார் 2,70,833 எண்கள் என்ற வேகத்தில் போகிறது. அலையின் உயரம் மாறாது. ஒவ்வொரு எண்ணுக்கும் அலை கால் சுற்று, அதாவது 90 டிகிரி, முன்னாலோ பின்னாலோ திரும்பும். 0, 1 ஒளிந்திருப்பது அந்தத் திருப்பத்தில்தான். அதைப் பார்த்து எண்களை மீட்பதற்குப் பெயர் பண்பிறக்கம்.

ஒரு தடவைக்கு 148 எண்கள் கிளம்பும். அதில் நடுவில் இருக்கும் 26 எண்கள் இரண்டு பக்கமும் முன்பே தெரிந்தவை. தெரிஞ்சதை எதுக்கு அனுப்பணும்? ஒருத்தர் கிறுக்கலில் நடுவில் இருப்பது 'அம்மா' என்று நமக்கு முன்பே தெரிந்தால், அவர் 'ம'வை எப்படி எழுதுவார்னு பிடிச்சிடலாம். மற்றதையும் படிச்சிடலாம். மலையிலும் கட்டடத்திலும் பட்டுத் தாமதமாக வரும் அலைகள் கலந்து குழப்புவதை இப்படித்தான் சரிசெய்கிறார்கள்.

இதுவரை செல்போனே செய்துவிடும். மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போகும். மீட்ட எண்களை வைத்து, பிசகே இல்லாத அலையைத் தானே வரைந்து, வந்த அலையோடு ஒப்பிடும். டீச்சர் நம் எழுத்தின் மேலேயே சிவப்பு மையில் சரியான எழுத்தை எழுதிக் காட்டுவார்களே, அதே மாதிரி! வித்தியாசம் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனால் அதிர்வெண் தவறு. அங்கும் இங்கும் சிதறினால் இரைச்சல். 2ஜி போன் அனுப்பும் அலையில் கோணப் பிழை சராசரிக் கணக்கில் 5 டிகிரியைத் தாண்டக் கூடாது, எந்த இடத்திலும் 20ஐத் தாண்டக் கூடாது. கோணமானியில் 5 டிகிரி வரைந்து பாருங்க, எவ்வளவு குட்டி!

"அப்போ யார் பேசுறதையும் கேட்கலாமா?" என்று கேட்டேன். சிரித்தார். சோதனையில் அனுப்புவது யாருடைய பேச்சும் இல்லையாம், தாறுமாறான 0, 1 வரிசைதானாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

4ஜியில் திருப்பத்தோடு உயரமும் மாறும். திரையில் 64 புள்ளிகள் கோலப் புள்ளி மாதிரி வரிசையாகத் தெரியும். புள்ளிகள் நெருக்கம், அதனால் பிழை 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 256 புள்ளி வைத்த படமும் உண்டாம். அடுத்த லீவுக்கு வரும்போது காட்டுறேன்னிருக்கார். பார்த்துட்டு எழுதுறேன்.