வெள்ளை உடையில் போன பெண்கள்… வாளோடு வந்த குதிரைகள்! ஓட்டு கேட்டவர்களின் கதை

1819, ஆகஸ்ட் 16. திங்கட்கிழமை. நல்ல வெயில். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரை நோக்கிச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மக்கள் சாரைசாரையாக நடந்து வந்தார்கள். பெரும்பாலானோர் கைத்தறி நெசவாளர்கள், மில் தொழிலாளர்கள். கோயில் திருவிழாவுக்குக் கிளம்புவதுபோல இருப்பதில் நல்ல உடையை உடுத்தி, பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். முன்னால் வாத்தியக் குழு. பல ஊர்களின் பெண்கள் வெள்ளை உடையில் அணிவகுத்தார்கள்.

மிடில்டன் என்ற ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சாமுவேல் பாம்ஃபோர்ட் என்ற நெசவாளர். கையில் தடிகூட வேண்டாம், அமைதியாகப் போய் அமைதியாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் அன்றைய கட்டுப்பாடு. வயதானவர்கள் ஊன்றி நடக்கும் கைத்தடிக்கு மட்டும் விலக்கு.

செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் மதியத்துக்குள் சுமார் 60,000 பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் கேட்க வந்தது ஒன்றே ஒன்று… ஓட்டு!

ஆளில்லா ஊருக்கு 2 எம்.பி!

உலகுக்கே நாடாளுமன்றத்தைக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் நாட்டில், அன்று ஓட்டுரிமை சொத்துள்ள ஒரு சிறு கூட்டத்திடம் மட்டுமே இருந்தது. தொகுதிகளின் கதை அதைவிட விநோதம். நூற்பாலைகளால் கிடுகிடுவென வளர்ந்திருந்த மான்செஸ்டருக்குத் தனியாக ஒரு எம்.பி-கூடக் கிடையாது. அது இருந்த லங்காஷயர் மாவட்டத்தில் சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். ஒரு சில பழைய ஊர்த் தொகுதிகள் நீங்கலாக, மாவட்டத் தொகுதிக்கு இரண்டே எம்.பி-க்கள்.

ஆனால், ஓல்டு சேரம் என்ற இடத்துக்கு இரண்டு எம்.பி-க்கள் உண்டு. அது ஒரு புல் மேடு. அங்கே யாரும் குடியிருக்கவில்லை. நிலத்தின் பெயரால் ஓட்டுரிமை பெற்றிருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், நிலத்துக்குச் சொந்தக்காரர் கைகாட்டுபவரைத் தேர்ந்தெடுப்பார்கள். டன்விச் என்ற கடலோர ஊரின் பெரும்பகுதியைக் கடலே விழுங்கிவிட்டது. அதற்கும் இரண்டு எம்.பி-க்கள்!

இந்த ஓல்டு சேரத்துக்கும் நம்ம சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 17-ம் நூற்றாண்டின் இறுதியில் அதை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். இந்திய வணிகத்தில் பணம் சேர்த்த அவர், பின்னர் 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். அவருடைய பேரன் வில்லியம் பிட் நாடாளுமன்றத்துக்குள் முதன்முதலில் நுழைந்தது ஓல்டு சேரம் எம்.பி-யாகத்தான். பின்னாளில் அவர் பிரதமராகவும் ஆனார். காசு கொடுத்தால் நிலத்தோடு தொகுதியும் கிடைக்கும் என்ற நிலை அது.

பசியும் ஓட்டும்

எம்.பி இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? மான்செஸ்டர் நெசவாளர்களுக்கு அதன் பதில் அடுப்படியிலேயே தெரிந்தது.

நெப்போலியனுடனான போர் 1815-ல் முடிந்தது. படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலையில்லை. கைத்தறிக் கூலி, நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. அதே 1815-ல் நாடாளுமன்றம் தானியச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உள்நாட்டில் கோதுமை விலை குறிப்பிட்ட உயரத்தைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். லாபம் நிலக்கிழார்களுக்கு. சட்டம் போட்ட அவையில் நிரம்பியிருந்ததும் அவர்கள்தான். கூலி இறங்க, ரொட்டி விலை ஏற, ‘நமக்காகப் பேச அங்கே ஆள் வேண்டும்’ என்ற எண்ணம் தறிக்கூடங்களில் பரவியது.

இருபதே நிமிடங்கள்

அன்றைய முக்கியப் பேச்சாளர் ஹென்றி ஹன்ட். மேடைக்கு அருகே, மான்செஸ்டர் பெண்கள் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவி மேரி ஃபில்டெஸ் நின்றிருந்தார்.

மைதானத்தை ஒட்டிய ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து மாஜிஸ்ட்ரேட்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஒழுங்காக அணிவகுத்து வந்த கூட்டம், அவர்கள் கண்ணுக்குப் புரட்சிப் படையாகத் தெரிந்தது. ஹன்ட்டைக் கைது செய்ய வாரன்ட் போட்டார்கள். படையின் துணையில்லாமல் முடியாது என்றார் காவல் அதிகாரி. உள்ளூர் தன்னார்வக் குதிரைப்படைக்கு ஆள் போனது. கடைக்காரர்கள், வியாபாரிகள், ஆலை முதலாளிகளின் வீட்டுப் பிள்ளைகள் இருந்த படை அது. அவர்களின் வாள்கள் முன்கூட்டியே சாணை பிடிக்கப்பட்டிருந்தன.

மைதானத்தை அடையும் முன்பே, வழியில் ஒரு குதிரை மோதியதில் தாயின் கையிலிருந்த இரண்டு வயதுக் குழந்தை வில்லியம் ஃபில்டெஸ் கீழே விழுந்து இறந்தது. அன்றைய முதல் பலி அந்தக் குழந்தைதான்.

கைது நடந்தது. ஆனால், நெருக்கத்தில் சிக்கிய வீரர்கள் வாளைச் சுழற்றத் தொடங்கினார்கள். அவர்களைக் கூட்டம் தாக்குகிறது என்று சொல்லி, ராணுவக் குதிரைப்படையையும் உள்ளே அனுப்பினார்கள் மாஜிஸ்ட்ரேட்டுகள். வெளியேறும் வழிகளிலும் நெரிசல். சுமார் 20 நிமிடங்களில் மைதானம் காலி. செருப்புகளும் தொப்பிகளும் கிழிந்த கொடிகளும் சிதறிக் கிடந்தன.

குறைந்தது 15 பேர் இறந்தார்கள். 600-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் ஓல்டம் ஊரைச் சேர்ந்த ஜான் லீஸ். நான்கு ஆண்டுகளுக்கு முன் வாட்டர்லூ போரில் நாட்டுக்காகச் சண்டையிட்டு உயிரோடு திரும்பியவர். அந்த வாட்டர்லூவைக் கேலியாகச் சேர்த்தே, இந்தப் படுகொலைக்கு ‘பீட்டர்லூ’ என்று பத்திரிகை பெயர் சூட்டியது.

பரிசும் சிறையும்

மாஜிஸ்ட்ரேட்டுகளுக்கு அரசின் பாராட்டு வந்தது. ஹன்ட்டுக்கு இரண்டரை ஆண்டுகள் சிறை, பாம்ஃபோர்டுக்கு ஓராண்டு. ஆண்டு முடிவதற்குள் ஆறு புதிய சட்டங்கள். 50 பேருக்கு மேல் கூடுவதற்குக் கட்டுப்பாடு, மலிவு விலைப் பத்திரிகைகளுக்கு வரி. வாயை அடைப்பதே நோக்கம்.

ஆனால், அடைக்க முடியவில்லை. அன்று நடந்ததை லண்டனுக்கு எழுதி அனுப்பியவர்களில் ஒருவரான ஜான் எட்வர்ட் டெய்லர், 1821-ல் ‘மான்செஸ்டர் கார்டியன்’ பத்திரிகையைத் தொடங்கினார். இன்றைய ‘தி கார்டியன்’ அதுதான்.

பீட்டர்லூ நடந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு, 1832-ல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஓல்டு சேரம், டன்விச் உட்பட 56 சிறு தொகுதிகள் ஒழிந்தன. மான்செஸ்டருக்கு இரண்டு எம்.பி-க்கள் கிடைத்தார்கள்.

அப்படியானால் மைதானத்தில் நின்ற நெசவாளர்களுக்கு ஓட்டு கிடைத்ததா? இல்லை! நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீடோ கடையோ வைத்திருக்கும் ஆண்களுக்குத்தான் கிடைத்தது. வெள்ளை உடையில் வந்த பெண்களுக்கு இன்னும் பெரிய ஏமாற்றம். வாக்காளர் என்றால் ஆண் என்று சட்டத்திலேயே முதன்முறையாக எழுதிவிட்டார்கள். சிறையிலிருந்து மீண்டு எம்.பி-யாகியிருந்த ஹன்ட், தொழிலாளர்களைக் கைவிட்ட சட்டம் இது என்று எதிர்த்தார். அதே ஆண்டு, சொத்துள்ள திருமணமாகாத பெண்களுக்கு ஓட்டு கேட்டு ஒரு மனுவையும் அவையில் வைத்தார். உறுப்பினர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்க நெடுங்காலம் ஆனது. 1872-ல்தான் ரகசிய வாக்குப்பதிவு. 1918-ல்தான் 21 வயது நிறைந்த ஆண்கள் அனைவருக்கும், 30 வயதைக் கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கும் ஓட்டு. ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் என்பது 1928-ல். கூட்டம் கூடிய அந்தத் திங்கட்கிழமையிலிருந்து கணக்கிட்டால் 109 ஆண்டுகள்!

மான்செஸ்டரில் 2019-ல், படுகொலையின் 200-வது ஆண்டில், வட்ட வட்டப் படிகளாக ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். இறந்தவர்களின் பெயர்களும் அவர்களின் ஊர்ப் பெயர்களும் அதில் உள்ளன. யார் வேண்டுமானாலும் ஏறி நின்று பேசலாம் என்ற எண்ணத்தில் செய்த மேடை அது. ஆனால், சக்கர நாற்காலியில் வருபவர்கள் அதன்மேல் எப்படி ஏறுவது என்று கேட்டு, மாற்றுத்திறனாளிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

எல்லோருக்கும் என்று சொல்லும்போது, யாரை விட்டுவிட்டோம்? 1832-ல் ஹன்ட் கேட்ட அதே கேள்விதான் அது.